ஜெர்மனியில் ஒரு நெய்வேலி

நான்காம் வருடம் ஆரம்பித்ததிலிருந்து ஹாஸ்டலில் எந்த ரூமுக்குள் நுழைந்தாலும் இரண்டே பேச்சுதான். ஒன்று பிளேஸ்மென்ட். இன்னொன்று அப்ராட். "மச்சி, ஜெர்மனி போனா ஃபீஸே கிடையாதாம்டா" என்று ஒருத்தன் ஆரம்பிப்பான். "யூரோல சம்பளம், ரெண்டே வருஷத்துல லோன் அடைச்சிடலாம்" என்று இன்னொருத்தன் முடிப்பான். வெளிநாட்டில் படிப்பதால் என்ன நன்மை என்று கேட்டால் நம்மில் பெரும்பாலானவர்களுக்குத் தெரிந்த பதில் இந்த இரண்டு வரிதான்.

முதல் வரியில் பெரும்பகுதி உண்மை, இரண்டாவது அவரவர் யோகம். ஆனால் நான் நெய்வேலி டவுன்ஷிப்பில் பிறந்து வளர்ந்தவன். எனக்கு ஜெர்மனி வேறொரு காரணத்துக்காகத் தேவைப்படுகிறது. அதைச் சொல்லத்தான் இந்தக் கட்டுரை. நடுநடுவே பணம், மார்க், விசா கணக்கெல்லாம் வரும். அப்ளை பண்ணப் போகிறவர்கள் அதை மட்டும் எடுத்துக்கொண்டாலும் சரி, கோவிச்சுக்க மாட்டேன்.

நெய்வேலியைப் பற்றித் தெரியாதவர்களுக்கு ஒரு சின்ன அறிமுகம். 1930களில் ஜம்புலிங்க முதலியார் என்பவர் தன் நிலத்தில் கிணறு தோண்டியபோது தண்ணீரோடு சேர்ந்து பழுப்பும் கறுப்புமாக ஏதோ வந்தது. அதுதான் பழுப்பு நிலக்கரி, லிக்னைட். 1956ல் நிறுவனம் உருவானது. 1957 மே 20ஆம் தேதி நேரு வந்து சுரங்க வேலையைத் தொடங்கி வைத்தார். முதல் அனல்மின் நிலையத்துக்கு சோவியத் யூனியன் உதவியது. மண்ணை வெட்டும் ராட்சச சக்கர இயந்திரங்கள் ஜெர்மனியிலிருந்து வந்தன. இவற்றைச் சுற்றி, நேர் ரோடும் நிழல் மரமும் நம்பர் போட்ட பிளாக்குமாக ஒரு டவுன்ஷிப் எழுந்தது. முந்திரிக் காட்டுக்கும் பண்ருட்டி பலாவுக்கும் நடுவில் ஒரு அரசாங்க ஊர்.

இந்த ஊர்ப் பிள்ளைகளுக்கு ஒரு விசித்திரமான பிரச்சினை உண்டு. "உன் சொந்த ஊர் எது?" என்று யாராவது கேட்டால் ஒரு செகண்ட் யோசிப்போம். வீடு என்பது குவார்ட்டர்ஸ். அப்பா ரிடையர் ஆனால் காலி பண்ண வேண்டும். நாம் நட்ட மாமரத்தில் அடுத்து வருகிறவர் வீட்டுப் பையன் காய் பறிப்பான். எங்கள் வீட்டில் அந்தத் தேதிக்கு இன்னும் மூன்று வருடம்தான் இருக்கிறது. அதனால் ஊரை விட்டுப் போவது எங்களுக்குப் புதிய விஷயமே இல்லை, எங்கே போகிறோம் என்பது மட்டும்தான் கேள்வி.

ஸ்கூலில் படிக்கும்போது மைன்ஸ் பார்க்க எங்களைக் கூட்டிப் போனார்கள். வியூ பாயின்ட்டில் நின்று கீழே பார்த்தால், படிப்படியாக இறங்கும் ஒரு பள்ளத்தில் பொம்மை மாதிரி ஒரு சக்கரம் சுற்றிக்கொண்டிருக்கும். சக்கரத்தைச் சுற்றி வாளிகள். ஒவ்வொரு வாளியும் மண்ணை அள்ளி பெல்ட்டில் கொட்டும், பெல்ட் அதை எங்கோ கொண்டு போகும். 700 லிட்டர், 1400 லிட்டர் என்று வாளியின் கொள்ளளவை வைத்தே அந்த இயந்திரங்களைச் சொல்வார்கள். க்ரூப், ஓ அண்ட் கே என்ற பெயர்களெல்லாம் எங்கள் அப்பாக்களின் வாயில் சாதாரணமாக வரும். அவை ஜெர்மன் கம்பெனிகளின் பெயர்கள் என்று எனக்குத் தெரிய வந்தது இன்ஜினியரிங் சேர்ந்த பிறகுதான்.

க்ரூப் கம்பெனி 1978ல் கட்டிய 'பாகர் 288' என்ற இயந்திரத்தின் வீடியோவை நிறைய பேர் பார்த்திருப்பீர்கள். எடை 13,500 டன். 2001ல் ஹம்பாக் சுரங்கத்திலிருந்து கார்ட்ஸ்வைலர் சுரங்கத்துக்கு 22 கிலோமீட்டர், ரோடு, ரயில்பாதை, ஆறு எல்லாவற்றையும் தாண்டி மூன்று வாரம் நடந்தே போனது. நாம் சுரங்கத்தில் பார்த்ததெல்லாம் அதற்குத் தம்பிகள். நெய்வேலியும் ஜெர்மனியின் ரைன்லாந்தும் ஒரே தொழிலைச் செய்கிற ஊர்கள். இரண்டு இடத்திலும் லிக்னைட், இரண்டு இடத்திலும் சக்கரம், இரண்டு இடத்திலும் சுரங்கத்துக்காக நகர்ந்த கிராமங்கள்.

இந்த மூன்றாவது விஷயம்தான் என்னைப் பிடித்து உலுக்கியது. 2023 ஜனவரியில், கார்ட்ஸ்வைலர் சுரங்கத்தின் விளிம்பில் இருந்த லுட்ஸராத் என்ற குட்டிக் கிராமத்தில் முகாமிட்டிருந்த போராட்டக்காரர்களைப் போலீஸ் அப்புறப்படுத்திய காட்சி உலகம் முழுக்க ஓடியது. அதே வருடம் ஜூலையில் எங்கள் ஊருக்குப் பக்கத்தில், வளையமாதேவியில், பரவனாற்றுக்கு மாற்றுக் கால்வாய் வெட்ட நெற்பயிர் நின்ற வயலுக்குள் மண் வெட்டும் இயந்திரங்கள் இறங்கின. அதுவும் செய்தியானது. என் கிளாஸ்மேட் ஒருத்தனின் வீடு அந்தப் பக்கம். என் வீட்டு கரண்ட்டும் அவன் வீட்டு நிலமும் ஒரே கணக்கில் இரண்டு பக்கம் என்று அப்போதுதான் உறைத்தது. அவனிடம் என்ன பேசுவதென்று தெரியாமல் ஒரு வாரம் நான் மெஸ்ஸுக்கே லேட்டாகப் போனேன்.

எங்கள் பிளாக்கிலேயே வளர்ந்த ஒரு அக்கா இப்போது ஜெர்மனியின் கிழக்கே கோட்புஸ் நகரத்தில் மாஸ்டர்ஸ் படிக்கிறார். அவரிடம் வீடியோ கால் பேசினேன். நான் கேட்டது ஸ்காலர்ஷிப், பார்ட் டைம் வேலை. அவர் சொன்னது வேறு. "டேய் தம்பி, இங்க பஸ்ல உட்கார்ந்தா ஜன்னலுக்கு வெளியே நம்ம ஊருதான்டா தெரியுது. ஆனா முப்பது வருஷம் கழிச்சு நம்ம ஊர் எப்படி இருக்குமோ, அந்த மாதிரி தெரியுது" என்றார்.

கோட்புஸ் இருக்கும் பகுதிக்குப் பெயர் லவ்சிட்ஸ். பழைய கிழக்கு ஜெர்மனியின் கரண்ட் தொழிற்சாலை என்றே சொல்லலாம். 1989ல் அங்கே லிக்னைட்டை நம்பி ஏறக்குறைய 80,000 பேர் வேலை பார்த்தார்கள். அடுத்த வருடம் இரண்டு ஜெர்மனியும் ஒன்றானது. சுரங்கங்கள் வரிசையாக மூடப்பட்டன. இன்று அங்கே அந்தத் தொழிலில் இருப்பவர்கள் பத்தாயிரத்துக்கும் குறைவு. இளைஞர்கள் மேற்கே போய்விட்டார்கள். அந்த 80,000ஐ எங்கள் டவுன்ஷிப்பின் மார்க்கெட்டோடும் ஸ்கூல்களோடும் சேர்த்து நினைத்துப் பாருங்கள். எனக்கு வயிற்றைக் கலக்கியது.

ஆனால் அங்கே அத்தோடு எதுவும் நின்றுவிடவில்லை. ஜெர்மனி 2020ல் சட்டமே போட்டது: 2038க்குள் நிலக்கரி மின்சாரத்துக்கு முழுக்க விடை கொடுக்க வேண்டும், அந்தந்தப் பகுதிகளின் மறுவாழ்வுக்கு 40 பில்லியன் யூரோ வரை ஒதுக்கப்படும் என்று. கோட்புஸுக்குப் பக்கத்தில் ஒரு சுரங்கத்தில் 2015ல் வேலை நின்றது. 2019 ஏப்ரலில் அந்தப் பள்ளத்துக்குள் ஸ்ப்ரே ஆற்றுத் தண்ணீரைத் திருப்பினார்கள். இப்போது அங்கே 19 சதுர கிலோமீட்டர் அளவுக்கு ஏரி. இன்னொரு இடத்தில், லிஷ்டர்ஃபெல்ட் கிராமத்தில், எஃப்60 என்று ஒரு இயந்திரப் பாலம் நிற்கிறது. 502 மீட்டர் நீளம், 11,000 டன் எடை. கட்டி முடித்து 13 மாதம்தான் ஓடியது, சுரங்கத்தை மூடிவிட்டார்கள். பழைய இரும்புக்குப் போடாமல் அதன் மேல் ஜனங்கள் ஏறிப் பார்க்கிற மாதிரி செய்துவிட்டார்கள். 'படுத்திருக்கும் ஐஃபெல் டவர்' என்று அதற்குச் செல்லப் பெயர். டிக்கெட் வாங்கித்தான் ஏற வேண்டும்!

இதில் எனக்குப் பிடித்த இன்னொரு விஷயம். அந்தப் பகுதியில் சோர்ப் என்ற சிறுபான்மை மக்கள் இருக்கிறார்கள். ஜெர்மன் இல்லாத தனி மொழி அவர்களுடையது. கோட்புஸ் தெருப் பலகைகளில் ஜெர்மனோடு அந்த மொழியும் இருக்கும். சுரங்கத்துக்காக மறைந்த ஊர்களில் அவர்களுடையவையும் நிறைய. ஹோர்னோ என்ற ஊரை இரண்டாயிரங்களின் தொடக்கத்தில் ஃபோர்ஸ்ட் நகரத்தின் ஓரத்துக்கு மொத்தமாக மாற்றினார்கள். புது ஹோர்னோவில் 'மறைந்த ஊர்களின் ஆவணக்காப்பகம்' என்று ஒன்றை வைத்திருக்கிறார்கள். லவ்சிட்ஸில் சுரங்கம் விழுங்கிய நூற்றுக்கும் மேற்பட்ட ஊர்களின் பெயர் அங்கே இருக்கிறது. நெய்வேலிக்காக எத்தனை கிராமம் போனது, அவற்றின் பெயர் என்ன என்று எனக்கு யாரும் சொல்லிக் கொடுத்ததில்லை. ஒரு வெளிநாட்டு ஊரைப் பற்றிப் படிக்கும்போதுதான் அந்தக் கேள்வியே எனக்கு வந்தது. வெளிநாட்டுப் படிப்பின் முதல் நன்மை என்று நான் நினைப்பது இதைத்தான்.

சரி, இன்ஜினியரிங்குக்கு வருவோம், இல்லையென்றால் எடிட்டர் திட்டுவார்.

நெய்வேலி லிக்னைட்டுக்குக் கீழே மிகுந்த அழுத்தத்தோடு நிலத்தடி நீர் இருக்கிறது. அந்த அழுத்தத்தைக் குறைக்காவிட்டால் சுரங்கத்தின் தரையை அது பிளந்துகொண்டு மேலே வந்துவிடும். அதனால் சுற்றிலும் போர் போட்டு இரவு பகலாகப் பம்ப் ஓடிக்கொண்டே இருக்க வேண்டும். என் அப்பாவுக்கு அந்தப் பிரிவில்தான் வேலை. நைட் ஷிப்ட்டில் போன் வந்தால் எங்கள் வீட்டில் எல்லோரும் எழுந்துவிடுவோம். வெளியே வரும் சுரங்கத் தண்ணீர் வாலாஜா ஏரிக்கும் பெருமாள் ஏரிக்கும் போய் வயல்களுக்குப் பாய்கிறது.

இப்போது கேள்வி: பம்ப்பை நிறுத்தினால் என்ன ஆகும்? நம் சிலபஸில் இதற்குப் பதில் இல்லை. லவ்சிட்ஸில் இருக்கிறது, ஏனென்றால் அங்கே நிறுத்திப் பார்த்துவிட்டார்கள். நிலத்தடி நீர் மெல்ல மெல்ல மேலே ஏறும். சுரங்கம் தோண்டியபோது காற்றுப்பட்ட மண்ணில் பைரைட், அதாவது இரும்பும் கந்தகமும் சேர்ந்த கனிமம், ஆக்ஸிஜனோடு சேர்ந்து மாறியிருக்கும். ஏறி வரும் தண்ணீர் அதைக் கரைத்துக்கொண்டு ஆற்றில் கலக்கும். ஸ்ப்ரே ஆற்றின் சில பகுதிகள் துருப்பிடித்த மாதிரி பழுப்பாக ஓடுவதற்கு அதுதான் காரணம். இரண்டாவது சிக்கல் இன்னும் வேடிக்கையானது. பல வருடமாகச் சுரங்கத்திலிருந்து இறைத்த தண்ணீர்தான் ஸ்ப்ரேயில் ஓடிக்கொண்டிருந்தது. சுரங்கம் மூடினால் அந்தத் தண்ணீர் நின்றுவிடும். அதே ஆற்றை நம்பித்தான் பெர்லினும் இருக்கிறது. மழை குறைந்த கோடையில் புது ஏரியை நிரப்புவதையே நிறுத்த வேண்டியிருந்தது. வாலாஜா ஏரிப் பாசனக்காரர்களுக்கும் பெர்லின்காரர்களுக்கும் ஒரே கவலை வரும் என்று யாராவது நினைத்திருப்போமா?

இதைப் படிக்க எங்கே போவது? கோட்புஸில் உள்ள பிராண்டன்பர்க் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் சுற்றுச்சூழல், வள மேலாண்மை மாஸ்டர்ஸ் ஆங்கிலத்திலேயே இருக்கிறது. மேற்கே ஆகன் நகரத்தின் ஆர்டபிள்யூடிஹெச், 1870ல் தொடங்கியது, ரைன்லாந்து சுரங்கங்களுக்குப் பக்கம். சாக்சனியில் ஃப்ரைபெர்க் சுரங்கப் பல்கலைக்கழகம், 1765ல் தொடங்கியது. இண்டியம், ஜெர்மானியம் என்ற இரண்டு தனிமங்களையும் கண்டுபிடித்தது அங்கேதான், 1863லும் 1886லும். இண்டியம் என்ற பெயர் இந்தியாவால் வந்ததில்லை, அதன் நிறமாலையில் தெரிந்த இண்டிகோ நீலக் கோட்டால் வந்தது. (வைவாவில் கேட்டால் என்னை நினைத்துக்கொள்ளுங்கள்.) இன்னொரு எச்சரிக்கை: ஃப்ரைபெர்க் வேறு, ஃப்ரைபுர்க் வேறு. பின்னது நாட்டின் தென்மேற்கு மூலையில் இருக்கிறது. பெயரைப் பார்த்து அவசரத்தில் அப்ளை பண்ணிவிடாதீர்கள்.

பணம். அரசுப் பல்கலைக்கழகங்களில் பெரும்பாலும் டியூஷன் ஃபீஸ் இல்லை. விதிவிலக்கு உண்டு: பாடன் வுர்ட்டம்பெர்க் மாநிலத்தில் ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியே இருந்து வருகிறவர்களுக்கு செமஸ்டருக்கு 1,500 யூரோ. மியூனிக் தொழில்நுட்பப் பல்கலைக்கழகமும் 2024 குளிர்கால செமஸ்டரிலிருந்து வசூலிக்கிறது. மற்ற இடங்களில் சில நூறு யூரோ செமஸ்டர் கட்டணம், பல இடங்களில் பஸ், ரயில் பாஸும் அதிலேயே அடக்கம். ஆனால் 'ஃப்ரீ' என்று சொல்கிறவர்கள் பிளாக்டு அக்கவுன்ட்டைச் சொல்வதில்லை. விசாவுக்கு முன்பே ஒரு வருடச் செலவை, 2024 செப்டம்பர் முதல் 11,904 யூரோ, ஒரு கணக்கில் போட்டுக் காட்ட வேண்டும். நம் பணத்தில் பத்து லட்சத்துக்கு மேல். அது நம் பணம்தான், மாதம் 992 யூரோவாக நமக்கே திரும்ப வரும். ஆனாலும் முதலில் புரட்ட வேண்டுமே! எங்கள் வீட்டில் அப்பாவின் பி.எஃப்.பில் கை வைக்கலாமா என்று மூன்று நாள் பட்டிமன்றம் நடந்தது. அம்மா எதிரணி. இன்னும் தீர்ப்பு வரவில்லை.

2022 நவம்பரிலிருந்து இந்திய மாணவர்களுக்கு ஏபிஎஸ் சான்றிதழும் கட்டாயம். நம் மார்க்‌ஷீட்டெல்லாம் உண்மைதானா என்று பார்த்துத் தருவது. இதற்கெல்லாம் கன்சல்டன்சி தேவையே இல்லை. என் நண்பன் ஒருவன் ஒரு கன்சல்டன்சியிடம் பெரிய தொகை கொடுத்தான். அவர்கள் அவனைச் சேர்த்துவிட்டது ஃபீஸ் வாங்கும் தனியார் கல்லூரியில். 'ஜெர்மனி' என்ற ஒரே வார்த்தையில் ஏமாந்துவிட்டான். டிஏஏடி என்ற ஜெர்மன் கல்வி அமைப்பின் இணையதளத்தில் ஆங்கில வழிப் படிப்புகள் எல்லாவற்றையும் நாமே தேடலாம், காசு வேண்டாம்.

மார்க் கணக்கு எல்லோரையும் குழப்பும். அங்கே 1.0 தான் முதல் ரேங்க், 4.0 பாஸ், 5.0 ஃபெயில். நம் சிஜிபிஏவை மாற்ற ஒரு சூத்திரம்: அதிகபட்ச மார்க்கிலிருந்து உங்கள் மார்க்கைக் கழியுங்கள், அதிகபட்சத்திலிருந்து குறைந்தபட்ச பாஸ் மார்க்கைக் கழியுங்கள், முதலாவதை இரண்டாவதால் வகுத்து 3ஆல் பெருக்கி 1 சேருங்கள். சிஜிபிஏ 8, பாஸ் 5 என்றால்: 1 + 3 × (10 − 8) ÷ (10 − 5) = 2.2. பல படிப்புகள் 2.5 வரை கேட்கும். அதாவது 7.5 வைத்திருப்பவர்களும் முயற்சி பண்ணலாம், தைரியமாக இருங்கள்.

சேர்ந்த பிறகுதான் உண்மையான பரீட்சை. நம் அரியர் கலாச்சாரம் அங்கே செல்லாது. பெரும்பாலான பல்கலைக்கழகங்களில் ஒரு பேப்பருக்கு மூன்று வாய்ப்பு. மூன்றாவதிலும் போய்விட்டால் அந்தப் படிப்பே முடிந்தது. அக்கா முதல் செமஸ்டரில் ஒரு பேப்பரில் ஃபெயில். "அழுதேன்டா. ஆனா அதுக்கப்புறம்தான் படிக்கிறதுன்னா என்னன்னு தெரிஞ்சுது" என்றார். இன்டர்னல் மார்க்கை வைத்து ஒப்பேற்ற முடியாது. புரொஃபசர் எதிரில் உட்கார்ந்து அரை மணி நேரம் வாய்மொழித் தேர்வு. அவர் கேட்பது வரையறையை இல்லை, 'நீ என்ன நினைக்கிறாய்' என்று. நம்மில் எத்தனை பேரை நான்கு வருடத்தில் அப்படி ஒரு தடவை கேட்டிருக்கிறார்கள்? அவர் வாழ்க்கையில் முதல்முறையாக நெய்வேலியை உதாரணமாகச் சொல்லி பதில் சொன்னது அந்த அறையில்தானாம். பம்ப் நிற்காமல் ஓடும் ஊரைப் பற்றி அந்தப் புரொஃபசருக்குக் கேள்வி மேல் கேள்வி. அரை மணி நேரம் ஒரு மணி நேரமானது.

படிக்கும்போது வருடத்துக்கு 140 முழு நாள் அல்லது 280 அரை நாள் வேலை பார்க்கலாம். புரொஃபசரின் ஆராய்ச்சிக்கு உதவியாளராக இருக்கும் வேலை கிடைத்தால் அதிர்ஷ்டம். படிப்பு முடிந்து 18 மாதம் அங்கேயே வேலை தேடலாம். ஆனால் ஜெர்மன் மொழி தெரியாமல் கிடங்கு வேலையைத் தாண்டுவது கஷ்டம். "படிப்பு இங்கிலீஷ்லதானே" என்று நினைத்து மொழியைத் தள்ளிப் போடாதீர்கள் என்பதை அக்கா மூன்று முறை சொன்னார். 2022-23 குளிர்கால செமஸ்டரில் சீன மாணவர்களைத் தாண்டி அங்குள்ள வெளிநாட்டு மாணவர்களில் இந்தியர்களே அதிகம் என்றானது. கூட்டம் கூடினால் வேலைக்கும் ரூமுக்கும் போட்டியும் கூடும்தானே.

போன இடத்தில் நம் கேள்வியே மாறிப் போவதும் உண்டு. எங்கள் மாவட்டத்தின் சிதம்பரத்தில் 1952ல் பிறந்தவர் வெங்கி ராமகிருஷ்ணன். அமெரிக்காவின் ஓஹையோ பல்கலைக்கழகத்தில் 1976ல் இயற்பியலில் டாக்டர் பட்டம் வாங்கினார். வாங்கிய கையோடு, தனக்கு வேண்டியது இயற்பியல் இல்லை, உயிரியல் என்று முடிவு பண்ணி, சான் டியாகோவில் மறுபடியும் மாணவராக உட்கார்ந்தார். ரைபோசோம் ஆராய்ச்சிக்காக 2009ல் வேதியியல் நோபல். டாக்டர் பட்டம் வாங்கிவிட்டு மறுபடி முதல் பெஞ்சுக்குப் போகிறேன் என்று நம் வீட்டில் சொன்னால் என்ன நடக்கும் என்று யோசித்துப் பார்க்கிறேன். நியாயமாக ஒன்றும் சொல்லிவிடுகிறேன்: ஜெர்மனியில் மாஸ்டர்ஸுக்கு அப்படித் தாவ முடியாது. பி.இ.யில் படித்த பாடங்களை ஒவ்வொன்றாக எண்ணிப் பார்த்துத்தான் எடுப்பார்கள். மெக்கானிக்கல் படித்த எனக்கு ஹைட்ராலஜி பேப்பர் இல்லாததால் ஒரு இடத்தில் ஏற்கெனவே 'முடியாது' என்று மெயில் வந்துவிட்டது. கோட்புஸ் பதில் இன்னும் வரவில்லை.

போன வாரம் வீட்டுக்குப் போயிருந்தேன். ஏபிஎஸ்ஸுக்காக மார்க்‌ஷீட்களை ஸ்கேன் பண்ணிக்கொண்டிருந்தபோது அப்பா செகண்ட் ஷிப்ட் முடித்து வந்தார். இரண்டு வருடமாக நான் ஜெர்மனி ஜெர்மனி என்று சொல்லிக்கொண்டிருந்தும் அவர் அதைப் பற்றி ஒரு கேள்வியும் கேட்டதில்லை. அன்றைக்கு, சாப்பிட்டுவிட்டு, லேப்டாப்பில் இருந்த அந்த ஏரியின் படத்தை ரொம்ப நேரம் பார்த்தார். முன்பு அது சுரங்கம் என்று சொன்னேன்.

"பம்ப்ப ஒரேயடியா நிறுத்துனாங்களா, ஒவ்வொண்ணா நிறுத்துனாங்களா?" என்றார்.

எனக்குத் தெரியவில்லை.

"போனா அதக் கேட்டுட்டு வா" என்று சொல்லிவிட்டு லைட்டை அணைத்தார்.